நட்டை இளக்குனது நான்தான்

அங்க பாரு தாயி, அந்தப் புளியமரத்தடியில. வெள்ளைக் காரு. டயரு பஞ்சரு போல. அந்தத் தம்பி என்ன பண்றான் பாரு, ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்திட்டு, இப்பப் போய் நட்டோட மல்லுக்கட்டுறான். வராது. சக்கரம்தான் சுத்தும். வண்டி தரையில நிக்கும்போதே முதல்ல நட்டை இளக்கிரணும், அப்புறந்தான் ஜாக்கி. அது தெரியாம... போச்சு, பஸ்ஸு தாண்டிருச்சு. டிரைவர் கொஞ்சம் மெதுவா போயிருந்தா ஜன்னல் வழியா ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

என்ன அப்படிப் பாக்குற? இந்தப் பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னுதான? தெரியாமத்தான் இருந்தேன். சமைக்கத் தெரியும், நாலு பேரை அனுசரிச்சுப் போகத் தெரியும், அதோட இருந்தேன். எல்லாம் என் மருமக பண்ணுன கூத்து. நீயும் திண்டுக்கல்தான போற? அப்பக் கேளு. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? வர்ற தையிலயா? நல்லதாப் போச்சு. அவசியம் கேட்டுக்க. ஒரு வீட்டுக்கு வாழப் போற பொண்ணு எப்படி இருக்கக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிறதும் நல்லதுதான.

எனக்கு ஒரே பையன். நந்தகோபால். இன்சூரன்சு கம்பெனியில வேலை. வண்டிக்கெல்லாம் இன்சூரன்சு போடுவாங்கல்ல, அந்த ஆபீசு. காரைப் பத்தி அவனுக்குத் தெரியாததே கிடையாது. எந்தக் கார் என்ன விலை, எங்க இடிச்சா எவ்வளவு குடுப்பாங்க, எல்லாம் விரல் நுனியில. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டுனான்னா சாயங்காலம் வரைக்கும் ஒரு கசங்கல் இருக்காது. அப்படி வளத்திருக்கேன்.

மருமக பேரு வளர்மதி. அரவக்குறிச்சிப் பக்கம். அவ அப்பா முருங்கைக்காய் லோடு அடிக்கிறவரு, ரெண்டு மூணு வண்டி ஓடுது. வசதிக்குக் குறையில்ல. பொண்ணும் பார்மசி படிச்சு மெடிக்கல்ல வேலை பாக்குறா. குறை சொல்லணும்னு சொல்லலை, நான் அப்படிப்பட்ட ஆளும் இல்ல. ஆனா அவகிட்ட ஒரு குணம். எதுத்துப் பேச மாட்டா. எதுத்துப் பேசுனாலாவது பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசி மனசை ஆத்திக்கலாம். இவ பேசாம காரியத்தை முடிச்சுட்டுப் போயிருவா. குழாய்ல தண்ணி ஒழுகுதுன்னு நான் அவனைக் கூப்பிட்டு, அவன் போன்ல யாரையோ கூப்பிட்டு, அந்த ஆளு நாளைக்கு வர்றேன்னு சொல்லி, இப்படி ஒரு வீடு முறையா நடந்துக்கிட்டு இருக்கும்போது, இவ போய் வாஷரை மாத்திட்டு வந்து தோசைக்கு மாவைக் கரைப்பா. இது ஒரு பொண்ணு பண்ற வேலையா? நீயே சொல்லு.

சரி, விசயத்துக்கு வர்றேன். வைகாசியில என் தம்பி மகனுக்குக் கல்யாணம். தம்பி சௌந்தரபாண்டி வத்தலக்குண்டுல இருக்கான். பாவம், பொண்டாட்டி போயிச் சேந்து ரொம்ப வருசமாச்சு. அதனால பையனுக்குத் தாய் ஸ்தானத்துல எல்லாம் நான்தான். தாலி செய்யக் குடுத்ததும் எங்க ஊர் ஆசாரிகிட்டத்தான். கல்யாணம் உடுமலையில, பொண்ணு ஊர்ல. எங்க வீட்டுக்காரர் முந்தின நாளே தம்பி கூடப் போயிட்டாரு. தாலியைக் குலசாமி முன்னாடி வச்சுக் கும்பிட்டு, காலையில வெள்ளனே நாங்க மூணு பேரும் கார்ல கிளம்புனோம். நந்து வண்டி ஓட்டுறான், அவ பக்கத்துல, நான் பின்னாடி. தாலி மஞ்சப் பையில என் மடியில. பின்னாடி டிக்கி நிறைய சீர்த் தட்டு, முறுக்கு டின்னு, வாழைத்தாரு.

ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம். நிதானமாப் போனாலே போயிரலாம். ஒட்டன்சத்திரம் தாண்டி கொஞ்ச தூரம் போயிருப்போம், டொப்புன்னு ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமா இழுக்குது. நந்து ஓரங்கட்டி நிறுத்திட்டு இறங்கிப் பாத்தான். பின் டயரு. நல்லாத் தரையோட தரையா ஒக்காந்திருச்சு.

என் பையன் பதறலை. அதைச் சொல்லணும். வேற எவனாயிருந்தாலும் தலையில கையை வச்சிருப்பான். இவன் நிதானமா போனை எடுத்தான். "அம்மா, கவலைப்படாதே, இதுக்குன்னு ஹெல்ப்லைன் இருக்கு, நம்ம பாலிசியிலேயே வருது, ஆள் வந்து மாத்திக் குடுத்துருவாங்க"ன்னான். தமிழுக்கு ஒண்ணை அழுத்துன்னுச்சு. அழுத்துனான். அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு. பாட்டுப் போட்டாங்க. அவன் போனைக் காதுல வச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறான். அந்த நடையைப் பாத்தாலே ஒரு அதிகாரி மாதிரி இருக்கும்.

இவ என்ன பண்ணுனா தெரியுமா? இறங்குனா. டயரைப் பாத்தா. ரோட்டோரத்துல கிடந்த ரெண்டு கல்லைத் தூக்கிட்டு வந்து முன் டயருக்கு அண்டக் குடுத்தா. டிக்கியைத் திறந்து சீர்த் தட்டையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் புல்லுல வைக்க ஆரம்பிச்சா. 

"ஏம்மா, என்ன பண்ற?"

"ஸ்டெப்னி அடியில இருக்கு அத்தை."

"அதான் ஆள் வருதே."

"கோயமுத்தூர்ல இருந்து வருமாம் அத்தை. அவர் பேசுறது கேட்டுச்சு."

நான் நந்துவைப் பாத்தேன். அவன் போன்ல, "சார், நாங்களும் இதே கம்பெனிதான் சார்"னு சொல்லிக்கிட்டு இருந்தான்.

அவ என்கிட்ட வந்து, "அத்தை, நீங்க தாலியை எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிருங்க. நாங்க பின்னாடியே வந்துர்றோம்"னா. எப்படி இருக்கு பாரு. மாப்பிள்ளைக்கு அத்தை, தாலி கொண்டு போறவ, பட்டுச் சேலையோட தொங்கிக்கிட்டுப் போய் சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி டவுன் பஸ்ஸுல இறங்கணுமா? முடியாதுன்னுட்டேன். அவ அரக்குப் பட்டுச் சேலையைத் தூக்கி இடுப்புல செருகுனா. உக்காந்துட்டா, அந்த மண்ணுல.

நந்து வந்து பாத்தான். "உனக்கு எதுக்கு இது? விடு"ன்னான். "உங்களுக்கு மாத்தத் தெரியுமா?"ன்னு கேட்டா. சண்டைக்குக் கேக்கலை, நாம கடையில சீனி இருக்கான்னு கேப்போமே, அப்படிக் கேட்டா. அவன் "தெரியாது"ன்னான். அவளும் "சரி"ன்னுட்டு வேலையைப் பாத்தா. அவ்வளவுதான்.

இதுக்குள்ள ரோட்டுல போற வர்ற வண்டியெல்லாம் வேகத்தைக் குறைச்சு வேடிக்கை பாக்குது. பொம்பளை டயர் கழட்டுறா, ஆம்பளை போன் பேசிக்கிட்டு நிக்கிறான்னா பாக்குறவன் என்ன நினைப்பான்? அதுக்கு நான் ஒரு யோசனை பண்ணுனேன். தூரத்துல பஸ் வர்றது தெரிஞ்சா, அவ கையில இருக்கிற ஸ்பேனரைப் பிடுங்கி நந்து கையில குடுத்துருவேன். பஸ்ஸு போனதும் திரும்ப வாங்கி அவகிட்டக் குடுத்துருவேன். லாரிக்கெல்லாம் குடுக்கலை. பஸ்ஸு, காரு, இதுக்கு மட்டும். குடும்பம்னா யாராவது ஒருத்தர் இதையெல்லாம் பாக்கணுமே.

கொஞ்ச நேரம் பொறுத்தா. அப்புறம் சொன்னா, "அத்தை, இப்படி வாங்கி வாங்கிக் குடுத்தீங்கன்னா அங்க முகூர்த்தம் முடிஞ்சுரும்."

பாத்தியா, வாய் இருக்கு.

அந்த நேரம் பாத்துத் தம்பி போன் அடிக்கிறான். "அக்கா, எங்க இருக்க? ஐயரு தாலியைக் கேக்குறாரு, தட்டுல வச்சு எல்லார்கிட்டயும் காட்டி ஆசீர்வாதம் வாங்கணுமாம்." பின்னாடி நாதஸ்வரச் சத்தம் கேக்குது.  "பழனி தாண்டிட்டோம்டா, வந்துக்கிட்டே இருக்கோம்"னேன். வாயில அதுதான் வந்துச்சு. அவன் மனசு சங்கடப்படக் கூடாதுல்ல, நல்ல நாளு அதுவுமா.

இங்க என்னடான்னா நட்டு அசையவே மாட்டேங்குது. டயர் கடையில மெசினை வச்சு முடுக்கி விட்டுர்றாங்களாம். அவ உடம்பு ஈர்க்குச்சி மாதிரி. தொங்கிப் பாத்தா, மிதிச்சுப் பாத்தா. ம்ஹூம். மூச்சு வாங்கிக்கிட்டு நிமிந்து என்னைப் பாத்தா. ஏற இறங்கப் பாத்தா. எனக்கு அப்பவே சந்தேகம்.

"அத்தை, கொஞ்சம் வர்றீங்களா?"

"எங்க?"

"இது மேல ஏறி நில்லுங்க."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? என் எடையைச் சொல்லிக் காட்டுறா, தாயி. இத்தனை வருசத்துல என் மாமியார் கூட என்னை அப்படிச் சொன்னது கிடையாது. ஆனா வேற வழி? மடியில தாலி. பையை நந்து கையில குடுத்தேன். ஸ்பேனரு கைப்பிடி நமக்கு இடது பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கணும், அப்பத்தான் மிதிச்சா இளகும், வலது பக்கம்னா இன்னும் இறுகிரும். அவதான் சரி பண்ணி வச்சா. நான் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு, ஏறுனேன்.

கிறீச்சுன்னு ஒரு சத்தம் தாயி!

அந்தச் சத்தம் இருக்கே, என்னத்தைச் சொல்ல. கால் வழியா ஏறி வயித்துக்குள்ள போன மாதிரி இருந்துச்சு. அப்படியே ஸ்பேனரு கீழ இறங்குது, நானும் லிப்ட்டுல இறங்குற மாதிரி இறங்குறேன். "ஆங், வந்துருச்சு அத்தை!"ன்னு கத்துறா. அடுத்தது. அடுத்தது. எல்லா நட்டையும் நான்தான் இளக்குனேன். நல்லாக் கேட்டுக்க. அவ ஜாக்கி போட்டா, டயரைக் கழட்டுனா, ஸ்டெப்னியை மாட்டுனா, திரும்ப முடுக்குனா, அதெல்லாம் சரி. ஆனா நட்டை இளக்குனது நான்தான். அது இளகலைன்னா இவ என்னத்தைக் கழட்டியிருப்பா?

இளக்கிட்டு நிமிந்து பாக்குறேன், ஒரு பஸ்ஸே நின்னு பாத்துக்கிட்டு இருக்கு. ஸ்பேனரை நந்து கையில குடுக்கவே மறந்துட்டேன்.

அப்புறம் என்ன, சீரையெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டுப் பறந்தோம். "நான் ஓட்டுறேன்"னு அவளே ஏறி உக்காந்துட்டா. அவ ஓட்டுற ஓட்டைப் பத்திப் பேசுனா நீ திண்டுக்கல் தாண்டிப் போகணும். கண்ணை மூடிக்கிட்டு முருகா முருகான்னு உக்காந்திருந்தேன். மண்டபத்துக்குள்ள நுழையிறோம், ஐயரு வாசலைப் பாத்துக்கிட்டு மந்திரத்தை இழுத்துக்கிட்டு இருக்காரு. தாலியைக் குடுத்தேன். ஆசீர்வாதம் வாங்கி, கெட்டிமேளம் கொட்டி, நல்லபடியா முடிஞ்சுது. தம்பி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டான்.

இப்பத்தான் விசயமே வருது.

பொண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர். ரைஸ்மில் வச்சிருக்கிறவரு. மெதுவாப் பேசுனாலே அடுத்த தெரு வரைக்கும் கேக்கும். அவரு நேரா வந்து, "ஏம்மா, என்ன கையெல்லாம் கரி? சேலையெல்லாம் கிரீசு?"ன்னு வளர்மதியைக் கேக்குறாரு. சுத்தி அத்தனை பேரு. நம்ம சொந்தம், அவங்க சொந்தம். அவ வாயைத் திறக்கப் போறா. எனக்கு ஒரு நொடியில எல்லாம் ஓடுச்சு. இவ உள்ளதைச் சொல்லிட்டான்னா என் பையன் நிலைமை என்னாகும்?

"வழியில பஞ்சராயிருச்சு. என் பையன் டயர் மாத்துனான். இவ கூடமாட ஒத்தாசை பண்ணுனா"ன்னு நானே முந்திக்கிட்டேன்.

அவ என்னைப் பாத்தா. அப்புறம் அவனைப் பாத்தா. அவன் என்ன பண்ணுனான்? பெரிய மனுசத்தனமா லேசாச் சிரிச்சு, "அதெல்லாம் ஒண்ணும் பெரிய விசயமில்லைங்க"ன்னான். அடக்கமான பையன். பெரியப்பா, "தனியாவா மாப்ள? நடு ரோட்டுலயா?"ன்னு கேக்கக் கேக்க, கொஞ்சம் கொஞ்சமா விவரம் சொல்ல ஆரம்பிச்சான். நட்டு எப்படி இறுகியிருந்துச்சு, எப்படி மிதிச்சு இளக்குனான்னு. நான் மிதிச்சதை! சொல்லச் சொல்ல அவனுக்கே அது நடந்த மாதிரி ஆயிருச்சு. நானும் கேட்டுக்கிட்டு நிக்கிறேன், எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. "ஆனா சட்டையில ஒரு பொட்டு அழுக்கு இல்லையே மாப்ள"ன்னாரு அவரு. "அவன் வேலை சுத்தம்"னேன் நான்.

வளர்மதி நேராப் பந்திக்குப் போயிட்டா. பாயசம் ரெண்டு தடவை வாங்குனா. கோவக்காரி அப்படிச் சாப்பிட மாட்டாள்ல, அதனால சரி, போகட்டும்னு நானும் விட்டுட்டேன்.

சாப்பாடெல்லாம் ஆச்சு. ராகு காலத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளையை வத்தலக்குண்டுக்குக் கிளப்பணும். அந்தப் பெரியப்பாவோட புதுக் காரு, பூவெல்லாம் சுத்தி ஜோடிச்சு வாசல்ல நிக்குது. பாத்தா, முன் டயர் காத்து இல்லாம கிடக்கு. பந்தல்காரங்க பந்தல் போட்டப்பக் கீழ சிந்துன ஆணி ஒண்ணு ஏறிருச்சு. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கத்துறாங்க. மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னு ஒருத்தர். வேற வண்டியை ஜோடிக்கலாம்னு ஒருத்தர். பெரியப்பா கையை ஒசத்தி எல்லாரையும் அடக்கிட்டு, மைக் இல்லாமயே மைக்குல பேசுற மாதிரி சொல்றாரு: "எதுக்கு மெக்கானிக்கு? நம்ம நந்தகோபால் மாப்ள எங்க? கூப்பிடுங்க அவரை!"

என் பிள்ளை மூஞ்சியை நீ பாத்திருக்கணும். அஞ்சாங்கிளாசு படிக்கும்போது பள்ளிக்கூட நாடகத்துல வசனம் மறந்துபோய் மேடையில நின்னான். அதே மூஞ்சி. அன்னைக்காவது திரையை இழுத்துவிட்டாங்க.

போனான். வேட்டியை மடிச்சுக் கட்டுனான். டிக்கியைத் திறந்து எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சான். அது வரைக்கும் காலையில பாத்ததுதான, சரியாச் செஞ்சான். அப்புறம் நேரா ஜாக்கியைப் போட்டுத் தூக்கிட்டான். தூக்கிட்டு நட்டுல ஸ்பேனரை மாட்டித் திருப்புறான், சக்கரம் சுத்துது. இவன் இங்கிட்டுத் திருப்புனா அது அங்கிட்டு, அங்கிட்டுத் திருப்புனா இங்கிட்டு. கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமா நிக்கிறாங்க. பெரியப்பா வாட்சைப் பாக்குறாரு.

நான் வளர்மதியைத் தேடுறேன். அவ பந்தல் நிழல்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு பீடா போட்டுக்கிட்டு இருக்கா. ஓடுனேன்.

"போய் ஒரு வார்த்தை சொல்லு வளரு. காதோட சொல்லிட்டு வந்துரு."

"எனக்கு என்ன அத்தை தெரியும்? அவர்தான மாத்துனாரு. நீங்களே சொன்னீங்க."

எவ்வளவு அழுத்தம் பாரு. கையைப் பிடிச்சுக் கெஞ்சுனேன் தாயி, மாமியாரு கெஞ்சுனேன். அப்ப அவ கண்ணு கொஞ்சம் கலங்குன மாதிரி இருந்துச்சு. பீடாக் காரமோ என்னமோ. "காலையில அவர் தெரியாதுன்னு சொன்னப்ப நான் ஒண்ணுமே நினைக்கலை அத்தை. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவரைத்தான் கட்டியிருக்கோம்னு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மண்டபத்துல தெரியும்னு சொன்னாரு பாருங்க..." அவ்வளவுதான், நிறுத்திக்கிட்டா. இதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. உனக்கு ஏதாச்சும் விளங்குதா? சின்னப் பொண்ணுங்க பேசுறது எனக்கு எங்க பிடிபடுது.

சரி, இவளை நம்பிப் பிரயோஜனமில்லைன்னு நானே கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போனேன். பெத்தவ பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?

"நந்து, ஜாக்கியை இறக்கு"ன்னேன்.

"அம்மா, சும்மா இரும்மா"ன்னு பல்லைக் கடிக்கிறான்.

"இறக்குடான்னா. வண்டியைத் தரையில வச்சு நட்டை இளக்கணும். தூக்கிட்டு இளக்குனா எப்படி வரும்?"

 இறக்குனான். ஸ்பேனரை வாங்குனேன். மாட்டுனேன். சேலையைத் தூக்கிச் செருகுனேன். எனக்கு எங்கயிருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ, முருகனுக்குத்தான் தெரியும். ஏறி நின்னேன். நகரலை. இன்னும் கொஞ்சம் அழுத்துனேன், கால் வழுக்கப் பாத்துச்சு. விழப் போறேன்னு நினைக்கும்போது ஒரு கை என் முழங்கையைப் பிடிச்சுது. கரி படிஞ்ச கை.

"நடுவுல நிக்காதீங்க அத்தை. ஓரத்துக்கு வாங்க. இன்னும். ம், இப்ப."

கிறீச்சு!

கூட்டம் ஓன்னு கத்துச்சு. கைதட்டுனாங்க தாயி. எங்க கல்யாணத்துல கூட எனக்கு அப்படிக் கைதட்டலை. அப்புறம் மாமியாரும் மருமகளுமாத்தான் முடிச்சோம். நான் இளக்க, அவ ஜாக்கி போட்டுக் கழட்டி மாட்ட. வண்டியை இறக்குனதுக்கப்புறம் எதிரெதிர் நட்டா முடுக்கணும், வரிசையா முடுக்கக் கூடாது, அதையும் அன்னைக்குத்தான் சொல்லிக் குடுத்தா. நந்து கழட்டுன நட்டையெல்லாம் உள்ளங்கையில வச்சுக்கிட்டு நின்னான். ஒண்ணுகூடக் கீழ போடலை.

எல்லாம் முடிஞ்சுது. பெரியப்பா என்னைப் பாக்குறாரு, அவளைப் பாக்குறாரு, அவனைப் பாக்குறாரு. "அப்ப, காலையில டயரை மாத்துனது யாரு?"ன்னு கேட்டாரு. கேட்டது அவருதான், ஆனா அத்தனை பேரும் என்னைத்தான் பாத்தாங்க. வளர்மதியும் பாத்தா.

நீயே சொல்லு, நான் என்ன சொல்றது? அவன்னு இனிமே சொல்ல முடியாது. அவன்னு சொன்னா எவன் நம்புவான்? அவள்னு சொன்னா, பொண்டாட்டி பண்ணுன வேலைக்குப் புருசன் பேரு வாங்கிட்டான்னு ஆயிரும். குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கே. நல்லா நிமிந்து நின்னு, "நான்தான்"னுட்டேன்.

ஏன் சிரிக்கிற? என்ன தப்பு? நட்டை இளக்குனது நான்தான?

அப்ப ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு என் மருமக! காரைப் பிடிச்சுக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர. கரிக் கையால கண்ணைத் துடைச்சு மூஞ்சியெல்லாம் கோடு கோடா ஆயிருச்சு. அவளைப் பாத்து நந்துவும் சிரிச்சுட்டான். அசட்டுச் சிரிப்பு. நான் அப்படி என்ன சொல்லிட்டேன்னு ரெண்டும் அந்தச் சிரிப்புச் சிரிக்குதுன்னு எனக்குப் புரியலை. நல்லவேளை, அந்தப் பக்கத்துப் பொம்பளைங்கல்லாம் அதைக் கவனிக்கலை. என்னைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. "எப்படிங்க பண்ணுனீங்க?"ன்னு ஒருத்தி. ஒரு பொண்ணு ஸ்பேனரோட என்னைப் படம் எடுக்கணும்னுச்சு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டாவது படத்துக்குக் கொஞ்சம் சேலையைச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன்.

அன்னைக்கு வந்த வினைதான். இப்போ சொந்தத்துல எவன் வண்டி எங்க நின்னாலும் எனக்குப் போன் வருது. வளர்மதியும் சும்மா இருக்கிறதில்ல. மெடிக்கல்ல வர்றவங்ககிட்டயெல்லாம், "எங்க அத்தைதான் மாத்துனாங்க, ரெண்டு டயரு, ஒரே நாள்ல"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. ஒரு இடத்துலயாவது தான் பண்ணுனதைச் சொல்லணுமே! சொல்ல மாட்டா. எனக்குத் தெரியாதா, என்னைக் கேலி பண்றா. இவ்வளவு வன்மம் ஒரு பொண்ணுக்கு ஆகுமா?

இதோ, ரெட்டியார்சத்திரம் வந்துருச்சு. இன்னும் கொஞ்ச தூரந்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லிர்றேன்.

போன ஞாயித்துக்கிழமை. கறிக்கொழம்பு சாப்பிட்டுட்டு நான் அப்பத்தான் கண்ணசந்தேன். வளர்மதி வந்து காலைத் தொட்டு எழுப்புறா. வாயில விரலை வச்சு, வாங்கன்னு கையைக் காட்டுறா. அடுப்படி ஜன்னல் வழியாப் பாத்தா, பின்பக்கத்துல நம்ம காரு. நந்து பனியனோட உக்காந்துக்கிட்டு டயரைக் கழட்டிக்கிட்டு இருக்கான். நல்லா இருக்கிற டயரை! கழட்டுறான், திரும்ப மாட்டுறான். திரும்பக் கழட்டுறான். பனியனெல்லாம் கரி. என் பிள்ளையை அந்தக் கோலத்துல நான் பாத்ததே இல்ல.

"போய்ச் சொல்லிக் குடேன்டி"ன்னேன் மெதுவா.

"வேண்டாம் அத்தை. நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா விட்டுருவாரு."

கல் நெஞ்சுக்காரி. அவன் தடுமாறுறதை ஒளிஞ்சு நின்னு ரசிக்கிறா. சரி, இவ என்னதான் பண்றான்னு பாக்கணுமேன்னு நானும் பக்கத்துலயே நின்னேன். அவ ஒரு முக்காலியை எடுத்து எனக்குப் போட்டா. ஒரு தட்டுல முறுக்கு வச்சா. ரொம்ப நேரம் நின்னோம். ஒரு நட்டு மட்டும் வரவே இல்ல. அவன் எழுந்திருச்சு, யோசிச்சு, ஸ்பேனரை இடது பக்கம் திருப்பி மாட்டி, ஓரத்துல காலை வச்சு ஏறுனான். அந்தக் கிறீச்சுச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. இவ என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டா. வளையல் கோடு ரெண்டு நாள் இருந்துச்சு.

அப்புறம் அவன் கையைக் கழுவிட்டு உள்ள வந்தான். நாங்க ரெண்டு பேரும் டிவி முன்னாடி உக்காந்திருக்கோம். "எங்க போயிட்டீங்க?"ன்னு வளர்மதி கேட்டா. அவன் முகத்தைத் துடைச்சுக்கிட்டே, "வண்டியில ஏதோ சத்தம் வந்துச்சு, அதான் பாத்தேன்"னான். "என்ன சத்தம்?"னா. "இப்ப இல்ல"ன்னான். அவ, "அப்படியா"ன்னுட்டு அவனுக்குக் காப்பி போட எந்திரிச்சுப் போனா. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம்.

பாத்தியா தாயி, கட்டுன பொண்டாட்டிகிட்ட, கண்ணைப் பாத்து, எவ்வளவு சுளுவா பொய் சொல்றான்!  எல்லாம் அவ வந்ததுக்கு அப்புறம் வந்த பழக்கம். எங்க குடும்பத்துல பொய் பேசுற ஆளே கிடையாது.